அடிக்கல் இல்லாத வேலைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்ன நகரத்தில் பொதுப்பணிகளையும் நடைபாதைகளையும் எப்படித் திட்டமிட வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு எனக்குள்ள தகுதி, முப்பது வருடம் எஸ்டிமேட் போட்டதும், வேலையின் அளவைக் குறிக்கும் எம்.புக் எழுதியதும், தணிக்கைக்காரர்களுக்குப் பதில் எழுதியதும்தான். ஊர் ஊராகக் கடற்கரைகளைச் சுற்றிப் பார்த்தவன் இல்லை. எனக்குத் தெரிந்த கடற்கரை புதுச்சேரி. அதை வைத்தே பேசிவிடுகிறேன்.

புதுச்சேரியில் போட்ட நடைபாதைத் திட்டங்களிலேயே சிறந்தது எது என்று கேட்டால், ஒரு இரும்புத் தடுப்பு என்பேன். தினமும் சாயங்காலம் 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் அதை இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகள் உள்ளே வர முடியாது. டூப்ளே சிலையிலிருந்து தலைமைச் செயலகம் வரை மொத்தச் சாலையும் நடப்பவர்களுக்கு. விடியற்காலையில் போனால் பாதி ஊர் அங்கேதான் நிற்கும். காந்தி சிலையைச் சுற்றியுள்ள கல்தூண்களின் கீழே மூச்சுப்பயிற்சி செய்பவர்கள், கைத்தடியோடு வரும் பெரியவர்கள், பழைய கலங்கரை விளக்கத்தடியில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்கள். இதற்கு ஒரு மூட்டை சிமெண்ட் செலவாகவில்லை. டெண்டர் இல்லை, கல்வெட்டு இல்லை. தினமும் ஒருவர் நேரத்துக்கு வந்து தடுப்பை இழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தினமும் போட வேண்டும்.

அதே சாலையில் கிழக்கே திரும்பினால் கருங்கற்கள். கடலுக்கும் சாலைக்கும் நடுவே மலைபோலக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய பிள்ளைகள் புதுச்சேரிக் கடற்கரை என்றால் கற்கள் என்றே நினைக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு முன்பு அங்கே மணல் இருந்தது. வலையைக் காயப்போடவும் பந்து விளையாடவும் இடம் இருந்தது. அந்த மணல் எங்கே போனது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கடலோரத்தில் எதைக் கட்டுவதாக இருந்தாலும் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை தெற்கே இருந்து சாய்வாக வந்து கரையில் மோதும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே நகர்த்தும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கியதும் இது திரும்பி, மணல் தெற்கே போகும். வருடக் கடைசியில் கூட்டிக் கழித்தால் வடக்கே போனதுதான் அதிகம். கரை ஒரு ஆறு மாதிரி. தண்ணீருக்குப் பதில் மணல் ஓடுகிறது.

1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. மணலாற்றின் குறுக்கே அணை கட்டியதுபோல ஆயிற்று. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே, அதாவது நகரத்தின் பக்கம், வர வேண்டிய மணல் வரவில்லை. உள்ளதையும் கடல் எடுத்துக்கொண்டு போனது. இதை யாரும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே தள்ளிவிடும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. சுவர் கட்டி முடிந்தது. மணலைத் தள்ளும் வேலை தொடர்ந்து நடக்கவில்லை.

இது புதுப் பாடமும் இல்லை. நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, சென்னையில் 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்தபோதே இந்தக் கதை ஒருமுறை நடந்துவிட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. மெரினாவில் காற்று வாங்கப் போகிறவர்கள் ராயபுரத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போகலாம்.

சரி, மணல் போனதும் என்ன செய்வோம்? கல் கொட்டுவோம். கல் கொட்டிய இடத்தில் சாலை பிழைத்துக்கொள்ளும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நகரத்தைக் காப்பாற்றியதில் அந்தக் கல்சுவருக்குப் பங்கு உண்டு, அதை மறுக்கக் கூடாது. ஆனால் சுவர் முடிகிற இடத்தில் அரிப்பு தொடங்கும். அதற்கு அடுத்து ஒரு சுவர், அதற்கு அடுத்து, கடலுக்குள் நீட்டிக் கல் அடுக்கும் ஒரு தூண்டில் வளைவு. எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை அரிப்பு போய்விட்டது. வரைபடத்தில் உள்ள எல்லைக்கோடு மணலுக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர் மனுவை விழுப்புரத்தில் கொடுப்பார். மணல் நின்றுபோன இடமோ புதுச்சேரியில்.

2018-ல் சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வேறு வழியில் முயன்றது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில், சுமார் 900 டன் எடையில், ஆப்பு வடிவத்தில் ஒரு இரும்புக் கட்டுமானத்தை இறக்கினார்கள். அலை அதன்மேல் ஏறி உடைவதால் வேகம் குறைந்து மணல் தங்குகிறது. குழந்தைகள் கால் நனைக்க மீண்டும் ஒரு துண்டு மணல் கிடைத்தது. நானும் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொறியாளன் புத்தி போகாது. உப்புத் தண்ணீரில் கிடக்கும் இரும்பை இருபது வருடம் கழித்து யார் பார்ப்பார்கள் என்று அப்போதே மனதுக்குள் எஸ்டிமேட் போட ஆரம்பித்துவிட்டேன்.

நான் பார்த்தவரை, கடலோர நகரத்தின் தலையெழுத்து அடிக்கல் நாட்ட முடியாத வேலைகளில் இருக்கிறது. சுவர் கட்டுவதற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. மணலை வாரி வடக்கே போடுவதற்கு என்ன கல் நாட்டுவது? எந்த ரிப்பனை வெட்டுவது? பட்ஜெட்டில் மூலதனச் செலவுக்குப் பணம் வந்துவிடும். பராமரிப்புத் தலைப்பில் கேட்டால் அடுத்த வருடம் பார்ப்போம் என்பார்கள். 1870-களில் கட்டிய மேரி கட்டடம், அதாவது புதுச்சேரியின் பழைய நகராட்சி அலுவலகம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஒழுகிய கூரைக்கு அந்தந்த வருடமே சுண்ணாம்பு அரைத்துப் பூசியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, 2022 மார்ச்சில், வம்பாகீரப்பாளையத்தில் உள்ள துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி அலையில் சரிந்தது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இளைஞனாக இருந்தபோது ஒரு கடலோர ஊரில் நடைபாதை போட்டோம். ஊர் பெயர் வேண்டாம். கல்சுவருக்குப் பின்னால் மணல் நிரப்பி, மட்டம் பார்த்து, மேலே பேவர் பிளாக் பதித்தோம். திறப்பு விழா தடபுடலாக நடந்தது. ஒரே ஒரு வாடைக் காலம்தான். தை மாதம் போய்ப் பார்த்தால் பாதை அப்படியே இருந்தது, மேலே ஒரு கோணலும் இல்லை. ஒரு மூலையில் இரண்டு கல்லை நெம்பிக் கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போனது. கீழே ஒன்றுமே இல்லை. அலை வந்து போகும்போதெல்லாம் கற்களின் இடுக்கு வழியாக மணலை உறிஞ்சி எடுத்துவிட்டது. சுவருக்கும் மணலுக்கும் நடுவே சின்ன ஜல்லி அடுக்கும் வடிகட்டித் துணியும் வைத்திருக்க வேண்டும். எஸ்டிமேட்டில் அது இருந்தது. தொகை அதிகம் என்று அடித்துவிட்டார்கள். அடித்த தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் குழிக்குள் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது.

அதே பாதைக்குக் கைப்பிடி வைத்தோம். 'எஸ்.எஸ். பைப்', அதாவது துருப்பிடிக்காத எஃகுக் குழாய், என்று மட்டும் எழுதியிருந்தது, எந்த ரகம் என்று எழுதவில்லை. வந்தது 304 என்ற ரகம். வீட்டு மாடிப்படிக்கு அது போதும். உப்புக் காற்றில் சில மாதத்திலேயே டீக்கறை மாதிரி படர்ந்து, பிறகு புள்ளி புள்ளியாக அரிக்கும். கடலோரத்துக்கு 316 வேண்டும், அதில் மாலிப்டினம் கலந்திருக்கும், விலையும் கூடுதல். கான்கிரீட்டும் அப்படித்தான். கடல் சாரல் படும் இடத்தில் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று விதி. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் இல்லையென்றால் மேஸ்திரி ஒரு ஜல்லியைச் செருகிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பார். நாமும் சிரித்துவிட்டால் பத்து வருடத்தில் கம்பி வெளியே வந்து சிரிக்கும்.

அப்புறம் தண்ணீர். நம் ஊர்களில் நடைபாதை என்பது பெரும்பாலும் வாய்க்கால் மேல் போட்ட மூடி. கோரிமேடு, லாஸ்பேட்டை மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் தாழ்வான நகர்ப்பகுதி வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அவ்வளவு மழையை எந்த வாய்க்காலும் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே கிருஷ்ணா நகரிலும் ரெயின்போ நகரிலும் முழங்கால் தண்ணீர் நிற்பதற்குக் காரணத்தை மூடிக்குக் கீழே தேட வேண்டும். தூர்வார வருகிறவர் ஸ்லாபைத் தூக்க முடியாதபடி மேலே டைல்ஸ் ஒட்டி மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் பூசி வைத்திருக்கிறோம். நான்கு பேர் தூக்கும் அளவில் ஸ்லாப் போட்டு, இரண்டு கொக்கி வைத்தால் போதும். நடப்பவர் காலில் தட்டாமல் கொக்கியை உள்ளே மடக்கவும் முடியும்.

நிழலையும் நாம் மறந்துவிட்டோம். தமிழர் பகுதியில் வைசியாள் வீதிக்குப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு முன்னால் திண்ணை, அதற்கும் வெளியே தெருவுக்கு நீட்டிய தாழ்வாரம், மரத்தூண்கள் தாங்கி நிற்கும். வெயிலில் வருகிற வழிப்போக்கருக்காக வீட்டுக்காரர் தன் காசில் போட்ட கூரை அது. அந்த வீதியைப் பழைய முகத்தோடு சீரமைத்ததற்கு யுனெஸ்கோ பாராட்டு கிடைத்தது. இன்று புதிதாகப் போடும் நடைபாதைகளில் பகல் 11 மணிக்கு நடக்க ஆள் இல்லை. கிரானைட் பளபளக்கிறது, கால் சுடுகிறது.

இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது? வார்டு உறுப்பினர் சொல்வார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, பிறகு 2006-ல் நடந்தது. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தபின் பல வருடங்கள் நடக்கவே இல்லை. வாய்க்கால் அடைத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாத ஊரில், திட்ட வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி உண்மைதான் அதில் இருக்கும்.

ஒருமுறை மீனவர் குப்பம் ஒன்றில் கூட்டம் போட்டோம். தெருவுக்கும் கரைக்கும் நடுவே நீளமாக ஒரு நடைபாதை, ஓரத்தில் கைப்பிடி. வரைபடத்தை விரித்து வைத்து நான் விளக்கினேன். ஒரு பெரியவர் கடைசி வரை பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி. கரைவலை இழுக்கும்போது கயிறு எந்தப் பக்கம் போகும்?" என்றார். இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து தெரு வரை வருவார்கள். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வரைபடம் போடும்போது நினைவுக்கு வரவில்லை. அங்கேயே பென்சிலை எடுத்து, கைப்பிடியில் பதினைந்து அடி அகலத்தில் இரண்டு இடைவெளி விட்டோம்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். கைப்பிடி துருவேறிக் கிடக்கிறது. ஒரு இடைவெளியில் சுண்டல் வண்டி நிற்கிறது. வலை இழுக்கிற அன்றைக்குச் சுண்டல்காரர் வண்டியைத் தள்ளிக்கொள்கிறாராம்.

வணக்கம்.