நங்கூரம் இல்லாத புரதம்

நேயர்களுக்கு வணக்கம். காய்ச்சல் விட்ட பிறகு உதட்டோரம் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஹெர்பிஸ் வைரஸின் வேலை. சின்னம்மையும் அக்கியும் அதே குடும்பத்து இன்னொரு வைரஸால் வருபவை. இந்த வைரஸ்களைச் சுற்றி மெல்லிய கொழுப்புறை ஒன்று உண்டு. அது நம் செல்லின் சவ்விலிருந்து எடுத்துக்கொண்டது. அதில் செருகி நிற்கும் புரதங்கள்தான் வைரஸுடையவை. அவற்றையும் நம் செல்தான் செய்து தருகிறது!

எப்படி? புரதச் சங்கிலியின் தொடக்கத்தில் முகவரிச் சீட்டு போல ஒரு துண்டு இருக்கும். அதைக் கண்டதும் செல் அந்தச் சங்கிலியை எண்டோபிளாச வலையின், அதாவது செல்லுக்குள் புரதங்கள் மடிந்து உருப்பெறும் சவ்வறையின், சவ்வு வழியே உள்ளே இழுக்கும். இந்தச் சீட்டைக் கண்டறிந்ததற்காகத்தான் குந்தர் புளோபல் என்ற விஞ்ஞானிக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. சரி, உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே தண்ணீரோடு ஒட்டாத இருபது சொச்சம் அமினோ அமிலங்கள், அதாவது சங்கிலியின் கண்ணிகள், வரிசையாக வரும். அங்கே சங்கிலி சவ்விலேயே நின்றுவிடும். அதுதான் நங்கூரம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஜிஎல் என்ற சின்னப் புரதம். உதட்டுக் கொப்புள வைரஸில் இதற்கு நங்கூரமே கிடையாது. தனியாக விட்டால் செல்லைவிட்டு வெளியேறிவிடும். பக்கத்தில் ஜிஹெச் என்று ஒரு பெரிய புரதம். அதற்கு நங்கூரம் உண்டு. அப்படியானால் ஜிஹெச் தனியாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்றுதானே நினைப்போம்? சேராது. ஜிஎல் கூட இல்லாவிட்டால் அது சரியாக மடியாது. எண்டோபிளாச வலையைத் தாண்டாது. இரண்டும் கைகோத்தால்தான் பயணம். மறுபடியும் சொல்கிறேன்: நங்கூரம் இருப்பது நகர முடியாமல் கிடக்கிறது, இல்லாதது வந்துதான் அதைக் கிளப்புகிறது. ஜிஎல் இல்லாமல் உருவாகும் வைரஸில் ஜிஹெச்சும் இருக்காது. அதனால் புதிய செல்லுக்குள் நுழையவே முடியாது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அப்புறம், ஜிபி என்று இன்னொரு உறைப்புரதம். அது செல்லின் வெளிச்சவ்வு வரை போனாலும் அதன் வால்பகுதியில் உள்ள குறிப்பைப் பார்த்து செல் அதை உள்ளே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஏனென்றால் வைரஸ் தன் கடைசி உறையைப் போர்த்திக்கொள்வது செல்லுக்குள்ளே, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கி என்ற பகுதியை ஒட்டிய சவ்வுப் பைகளில்.

நேரம் நெருங்கிவிட்டது. தடுப்பூசி பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசியில் இருப்பது ஜிஇ என்ற உறைப்புரதம். அதன் நங்கூரத்தை வெட்டிவிட்டுத் தயாரிக்கிறார்கள். பிடிப்பு இல்லாததால், அதைத் தயாரிக்கத் திரவத்தில் வளர்க்கும் செல்கள் அதை வெளியே விட்டுவிடும். அந்தத் திரவத்திலிருந்து பிரித்தெடுத்துக்கொள்ளலாம். வணக்கம்.