சொன்னதைச் செய்த பிறகே மறுபடி கேட்க வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கு முன்பு, 2019ஆம் ஆண்டில், மக்களிடம் இரண்டாம் முறை வாக்கெடுப்பு நடத்தியிருக்க வேண்டுமா?" என்பது இன்றைய தலைப்பு. நடத்தியிருக்கக் கூடாது என்று வாதாட வந்திருக்கிறேன். தொடங்கும் முன் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூன் 23 அன்று ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்றுதான் நான் வாக்களித்தேன். மறுநாள் விடியற்காலையில் முடிவு தெரிந்தபோது மனம் நொந்துபோனேன். விலகியதால் இந்த நாடு இழந்ததே அதிகம் என்று இன்றும் எண்ணுகிறேன். தோற்ற பக்கத்தில் நின்றவன் என்பதாலேயே, அந்தப் பக்கம் பின்னாளில் எழுப்பிய கோரிக்கை தவறானது என்று சொல்லும் கடமை எனக்குக் கூடுதலாக இருக்கிறது.

நடுவர் அவர்களே, பெட்டியில் இடும் ஓட்டுக்கும் ஒருவருக்குக் கொடுக்கும் உறுதிமொழிக்கும் தமிழில் 'வாக்கு' என்ற ஒரே சொல் பொருந்தும். இந்த வழக்கு அந்த இரண்டு வாக்குகளையும் பற்றியது. 2016 ஏப்ரலில் அன்றைய பிரதமர் டேவிட் கேமரனின் அரசு 90 இலட்சம் பவுண்டுக்கு மேல் செலவிட்டு, நாடு முழுவதும் வீடு வீடாக ஒரு துண்டறிக்கையை அனுப்பியது. ஒன்றியத்தில் நீடியுங்கள் என்று வற்புறுத்திய அறிக்கை அது. அதிலேயே, இது உங்கள் முடிவு, நீங்கள் எதை முடிவு செய்கிறீர்களோ அதை அரசு நிறைவேற்றும் என்ற உறுதியும் அச்சாகியிருந்தது. அந்த வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது, வெறும் ஆலோசனைதான் என்று எதிரணியின் முதல் பேச்சாளர் சொன்னார். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரியே. ஆனால் வாசலுக்கு வந்த தாள் மக்களிடம் ஆலோசனை கேட்பதாகச் சொல்லவில்லை, நிறைவேற்றுவதாகச் சொன்னது. மக்கள் சட்டப் பிரிவுகளைப் படித்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போகவில்லை, அரசு கொடுத்த அந்த வாக்கை நம்பித்தான் போனார்கள்.

அப்படி நம்பிப் போனவர்கள் யார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2015 பொதுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 66 விழுக்காட்டினர். 2016 வாக்கெடுப்பில் 72 விழுக்காட்டினர். ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடின. இந்த நாட்டின் தேர்தல் முறையில், ஒரே கட்சி பத்தாண்டுக் கணக்கில் வெல்லும் தொகுதியில் வாழ்கிறவருக்குத் தன் ஓட்டால் எதுவும் மாறியதாக ஒருநாளும் தோன்றியிருக்காது. 2016இல் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஒரு தொழிலாளி இட்ட ஓட்டும் வெஸ்ட்மின்ஸ்டரில் ஓர் அமைச்சர் இட்ட ஓட்டும் ஒரே கூட்டலில், ஒரே எடையில் சேர்ந்தன. சண்டர்லாந்தில் 61 விழுக்காட்டினரும் இங்கிலாந்தின் பாஸ்டன் என்ற சிறு நகரில் 75.6 விழுக்காட்டினரும் விலகவே வாக்களித்தார்கள். அவர்கள் எடுத்த முடிவு தவறு என்பது என் கருத்து. ஆனால் முதல் முறையாகத் தங்கள் ஓட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்று வந்தவர்களிடம், உங்கள் விடை செல்லாது, மறுபடி வந்து எழுதுங்கள் என்று சொல்லியிருந்தால், அவர்களில் எத்தனை பேர் மீண்டும் எந்தத் தேர்தலுக்காவது வந்திருப்பார்கள்? இந்தக் கேள்விக்கு எதிரணியில் ஒருவரும் விடை சொல்லவில்லை.

டென்மார்க்கையும் அயர்லாந்தையும் பாருங்கள், அங்கெல்லாம் இரண்டாம் முறை கேட்கவில்லையா என்று எதிரணித் தலைவர் உரத்த குரலில் கேட்டார். நல்ல கேள்வி, அதற்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும். 1992 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை டென்மார்க் மக்கள் 50.7 விழுக்காட்டு வாக்குகளால் நிராகரித்தார்கள். அந்த நிராகரிப்பு மதிக்கப்பட்டது. உடன்படிக்கை நடைமுறைக்கு வராமல் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் எடின்பரோவில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள், பொது நாணயம், பாதுகாப்பு, நீதித்துறை, குடியுரிமை ஆகிய நான்கிலும் டென்மார்க்குக்கு விலக்கு அளித்தார்கள். அப்படி மாற்றிய ஏற்பாட்டின் மீதுதான் 1993 மே மாதம் மக்களிடம் மீண்டும் கேட்டார்கள், 56.7 விழுக்காட்டினர் ஏற்றார்கள். அயர்லாந்தும் அப்படித்தான். 2008இல், ஒன்றியத்தின் அமைப்பை மாற்றும் லிஸ்பன் உடன்படிக்கையை மறுத்த மக்களுக்கு, நடுநிலைமை, வரிவிதிப்பு, கருக்கலைப்புச் சட்டம் ஆகியவற்றில் உறுதிகள் தரப்பட்டன. ஐரோப்பிய ஆணையத்தில் தங்களுக்கென ஓர் ஆணையரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. அதன் பிறகே 2009இல் வாக்கெடுப்பு நடந்தது. 67 விழுக்காட்டினர் ஏற்றார்கள். இரு நாடுகளிலும் முதல் விடைக்கு ஒரு பயன் இருந்தது. வேண்டாம் என்று சொன்னதால் கிடைத்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் மக்கள் மறுபடி வாக்களித்தார்கள்.

பிரிட்டனில் நிலை என்ன? 2016 பிப்ரவரியில் கேமரன் பிரஸ்ஸல்ஸில் பேசி வாங்கிவந்த சலுகைகள், விலகல் வென்றால் காலாவதியாகும் என்று அந்த உடன்பாட்டிலேயே சொல்லப்பட்டிருந்தது, அவ்வாறே ஆயின. ஆகவே 2019இல் வாக்குச்சீட்டில் 'நீடிப்பு' இருந்திருந்தால், அது 2016இல் மக்கள் நிராகரித்த நீடிப்பைவிடக் குறைவானதாக இருந்திருக்கும். டென்மார்க்கில் விடைக்கு ஏற்ப ஏற்பாட்டை மாற்றினார்கள். இங்கே ஏற்பாட்டில் ஒன்றைக்கூட மாற்றாமல், விடையை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று கேட்க நினைத்தார்கள். இரண்டும் ஒன்றாகிவிடுமா?

எதிரணியின் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2016இல் விலகல் என்பதற்குப் பொருள் யாருக்கும் தெரியாது, ஒப்பந்தம் கையில் வந்த பிறகு தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும் என்பதே அது. நானும் 2018 இறுதிவரை இந்த வாதத்தில் பாதி நம்பிக்கை வைத்திருந்தேன். கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் வெளியானபோது என் நம்பிக்கை போயிற்று. விலகும் முறையைப் பற்றி 585 பக்கங்கள் இருந்தன. விலகிய பிறகு இந்த நாட்டுக்கும் ஒன்றியத்துக்கும் என்ன உறவு என்பதைப் பற்றி, சட்டப்படி கட்டுப்படுத்தாத 26 பக்க அரசியல் பிரகடனம் ஒன்று மட்டுமே இருந்தது. வணிக ஒப்பந்தம் முடிவானது 2020 டிசம்பர் 24 அன்றுதான். ஆக, 2019இல் மறுவாக்கெடுப்பு நடந்திருந்தாலும் மக்கள் தெரிந்துகொள்ள விரும்பிய எதிர்காலம் தெரிந்திருக்காது.

அந்தச் சீட்டில் எதைத்தான் அச்சிட்டிருப்பார்கள்? மேயின் ஒப்பந்தமா, நீடிப்பா என்று கேட்டிருந்தால், அந்த ஒப்பந்தத்தையும் வெறுத்து விலகலையும் விரும்பிய இலட்சக்கணக்கானோருக்குப் புள்ளடி இட ஓரிடமும் இருந்திருக்காது. ஒப்பந்தமில்லா விலகலையும் சேர்த்து மூன்று வழிகள் வைத்திருந்தால், எதற்கும் பாதி வாக்கு கிடைக்காமல் போயிருக்கலாம். எண்ணும் முறையைப் பற்றியே அடுத்த சண்டை மூண்டிருக்கும். மேயின் ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் 432 நாடாளுமன்ற உறுப்பினர்கள் எதிர்த்தார்கள், 202 பேர் மட்டுமே ஆதரித்தார்கள். எந்த ஒப்பந்தமானாலும் மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற தீர்மானமும் ஏப்ரல் 1 அன்று 280க்கு 292 என்று தோற்றது. உறுப்பினர்கள் தங்களால் அவிழ்க்க முடியாத முடிச்சை மக்களின் தலையில் வைக்கப் பார்த்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

வேறுபாடு மிகக் குறைவு, 51.9க்கு 48.1 தானே என்றார்கள். 1997இல் வேல்ஸுக்குத் தனிச் சட்டமன்றம் கிடைத்தது 50.3 விழுக்காட்டு வாக்குகளால். வேறுபாடு 6,721 வாக்குகள் மட்டுமே. அந்த மன்றம் இன்றும் கார்டிஃபில் இயங்குகிறது. குறைந்தபட்ச அளவு வேண்டுமானால் அதை முன்னதாகவே சட்டத்தில் எழுத வேண்டும். 1979இல் ஸ்காட்லாந்தின் தனிச் சட்டமன்றத்துக்கான வாக்கெடுப்பில், மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினராவது ஆதரிக்க வேண்டும் என்று எழுதினார்கள்; அதனால் பெரும்பான்மை கிடைத்தும் அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. 2016க்கு அப்படி எதையும் எழுதவில்லை. எண்ணி முடித்த பிறகு அளவுகோலை மாற்ற முடியாது.

ஸ்காட்லாந்தை நினைத்துத்தான் எனக்கு அச்சம் கூடுகிறது. 2014இல் அங்கே 55 விழுக்காட்டினர் பிரிட்டனுடன் இருக்கவே விரும்பினார்கள். ஒருவேளை 51 விழுக்காட்டினர் பிரிய விரும்பியிருந்தால்? பேச்சுவார்த்தை முடிந்த பிறகு, விவரம் இப்போதுதான் தெரிகிறது, மறுபடி வாக்களியுங்கள் என்று இலண்டன் சொல்லியிருந்தால், எதிரணி நண்பர்களே, நீங்கள் அதை நியாயம் என்று ஏற்றிருப்பீர்களா?

பொய்யான பரப்புரை நடந்தது என்ற குற்றச்சாட்டை ஏற்கிறேன். ஒன்றியத்துக்கு வாரத்துக்கு 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று விலகல் அணி தன் சிவப்புப் பேருந்தில் எழுதியது தவறான கணக்கு. அந்த அணிக்குத் தேர்தல் ஆணையம் 61,000 பவுண்டு அபராதம் விதித்ததும் உண்மை. நீடிப்பதற்காகப் பேசிய நிதி அமைச்சகமான கருவூலமும், விலக வாக்களித்தாலே உடனடியாகப் பொருளாதாரம் சுருங்கும் என்றது. அப்படி உடனே நடக்கவில்லை. இன்னொரு குறை என் மனத்தை அதிகம் உறுத்துகிறது. அன்று இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த நான், காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால் வாக்களிக்க முடிந்தது. எனக்கு முன்பே இங்கு வந்து வரி கட்டிவந்த போலந்துக்கார அண்டை வீட்டாருக்கு அந்த உரிமை இல்லை. அது அநீதிதான். ஆனால் அந்த விதி எல்லோரும் அறிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தோற்ற பிறகு அதைக் காரணம் காட்டுவது நேர்மையாகாது.

2019 டிசம்பர் தேர்தலில், மறுவாக்கெடுப்பை ஏற்ற கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் பாதிக்குச் சற்று மேல் வருகிறது என்ற கணக்கைக் காட்டினார்கள். கூட்டல் சரிதான். ஆனால் அந்த வாக்குகள் பல கட்சிகளுக்குப் பல காரணங்களுக்காக விழுந்தவை. மறுவாக்கெடுப்பை முன்னின்று கோரியவர்களில் ஒருவர் தொழிற்கட்சியின் முன்னாள் பிரதமர் டோனி பிளேர்; அவர் முன்பு வென்றுவந்த செட்ஜ்ஃபீல்டே அந்தத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சியிடம் போயிற்று. 1950 முதல் தொழிற்கட்சியின் கையிலிருந்த போல்சோவரும் போயிற்று. சுரங்கத் தொழிலாளர்களின் ஊர்கள் அவை. தங்கள் முடிவைத் தங்கள் கட்சியே மதிக்கவில்லை என்ற கசப்புக்கு அந்தத் தோல்வியில் பெரும்பங்கு உண்டு.

இரண்டாம் முறை கேட்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. 2016இல் நடந்ததே இரண்டாம் வாக்கெடுப்புதான். 1975இல் 67 விழுக்காட்டினர், ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொதுச்சந்தையில் இருக்க வாக்களித்தார்கள். அந்த விடை 41 ஆண்டுகள் நடைமுறையில் இருந்த பிறகு மறுபடி கேட்டார்கள். 2016இன் விடை 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு நடைமுறைக்கு வந்தது. அந்த நேரம் முதல், மீண்டும் சேர்வோம் என்று கேட்கும் உரிமை முழுமையாக நம்மிடம் வந்துவிட்டது. 2016இல் வாக்களிக்க வயது வராமல் இருந்த இளைஞர்களுக்கும் அதுவே வழி. ஒன்றிய உடன்படிக்கையின் 49ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்கலாமா என்று ஓர் அரசு நாளை மக்களைக் கேட்டால், மகிழ்ச்சியோடு வரிசையில் நின்று, ஆம் என்றே வாக்களிப்பேன். அந்த நாள் வரவேண்டும் என்று விரும்பும் நானே, 2019இல் அந்தச் சீட்டு அச்சாகாமல் போனது சரி என்று சொல்கிறேன். எங்கள் அணிக்கே தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.