உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

(தருமபுரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை ஆசிரியர் அம்மாவுக்கும், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிற பெற்றோருக்கும், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே நிற்கிற பாட்டிமாருக்கும் நன்றி. அம்மா, அந்த நாற்காலியில் உட்காருங்கள், நான் கொஞ்ச நேரம் பேசுவேன்.

நான் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிற மருத்துவர். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் ராத்திரி முழுக்க அழுது, கன்னம் வீங்கிய பிறகுதான் வருகிறார்கள். எப்போதிலிருந்து சொத்தை இருக்கிறது என்று கேட்பேன். "ஒரு வருஷமா கறுப்பா இருந்துச்சு டாக்டர். பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிரும்னு விட்டுட்டோம்" என்பார்கள். இதைச் சொல்கிறவர்கள் பிள்ளையைக் கவனிக்காதவர்கள் இல்லை. உயிரையே வைத்திருப்பவர்கள்தான். கறுப்பைப் பார்த்தார்கள், அது ஒன்றும் செய்யாது என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது அந்தக் கறுப்புக்கும் முன்னால் வருகிற ஒரு வெள்ளைக் கோட்டைப் பற்றி.

ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தையின் மேல் உதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கினால் முன்பற்கள் நான்கும் ஈறு வரைக்கும் தெரியும். நல்ல பல் ஈரத்தில் பளபளவென்று இருக்கும். சில குழந்தைகளுக்கு ஈறை ஒட்டினாற்போல, சாக்பீஸால் கோடு இழுத்தது மாதிரி, பளபளப்பில்லாத ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். அங்கே பல்லின் மேல்தோலான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் இன்னும் குழி விழவில்லை. சொத்தையின் கதையில் திரும்பி வர முடிகிற இடம் இது ஒன்றுதான். இந்தக் கட்டத்தில் நாங்கள் ஃப்ளோரைடு வார்னிஷ் என்கிற பசை மாதிரியான மருந்தைச் சின்னத் தூரிகையால் தடவுவோம். ஒரு நிமிஷ வேலை, வலிக்காது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவி, வீட்டிலும் பழக்கத்தை மாற்றினால், போன சத்து திரும்பப் படிந்து அந்த இடம் மறுபடி கெட்டியாகிவிடும். குழி விழுந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். அதற்கப்புறம் செய்வதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலைதான்.

மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி என்று ஒரு நாளை ஞாபகம் வைத்துக்கொண்டு பாருங்கள். குழந்தை சிரிக்கும்போது பார்த்தால் போதாது. சிரிப்பில் பல்லின் நுனிதான் தெரியும், கோடு உதட்டுக்குள் ஒளிந்திருக்கும்.

சரி, இந்தக் கோடு ஏன் வருகிறது? பல்லில் பூச்சி என்று நாம் சொல்கிறோம். கண்டங்கத்திரி விதையைப் புகைத்து, பூச்சி விழுந்துவிட்டது என்று காட்டுகிற பழக்கமும் நம் பக்கம் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற பூச்சி எதுவும் பல்லில் இல்லை. வாயில் கிருமிகள் இருக்கின்றன. நாம் சாப்பிடுகிற சர்க்கரையை அவையும் சாப்பிட்டு அமிலத்தை விடுகின்றன. சர்க்கரை வாய்க்குள் போன சில நிமிஷத்தில் அமிலம் ஏறிவிடும். எச்சில் அதைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்கப் பல் கரைந்துகொண்டிருக்கும். அப்புறம் எச்சிலே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும்.

இங்கேதான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குப் பெரிய கேள்வி. ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் விப்பெஹோல்ம் என்ற, அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான காப்பகத்தில் 1945 முதல் சில ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு நடுநடுவே, பல்லில் ஒட்டுகிற டாஃபி மிட்டாய் சாப்பிட்டவர்களுக்கு மளமளவென்று கூடியது. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லத் தெரியாதவர்கள் அவர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் பல்லைக் கொடுத்துத்தான் நமக்கு இது தெரிய வந்தது, அதை வீணாக்கக் கூடாது என்றுதான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். எழுந்ததும் சர்க்கரை போட்ட பால். பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட். பெட்டிக்கடையில் ஒரு மிட்டாய். சாயங்காலம் மறுபடி பாலும் பன்னும். அழுதால் இன்னொரு பிஸ்கட். ராத்திரி தூங்க வைக்கப் பால் பாட்டில். ஆறு தடவை. பல் சரியாவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. பொங்கலன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். இலையில் சாப்பாட்டோடு சாப்பிடட்டும், வயிறு நிறையச் சாப்பிடட்டும். நடுவில் பசித்தால் வேர்க்கடலை, சுண்டல், வெள்ளரிக்காய், கொய்யா, தயிர் இருக்கிறது.

இந்த ஆறில் மோசமானது ராத்திரி பாட்டில்தான். தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைந்துவிடும், வாயைக் கழுவ ஆளே இல்லை. பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். அதனால்தான் மேல்பல் நான்கும் கரைந்து போன குழந்தைக்குக் கீழ்ப்பல் முத்து மாதிரி இருப்பதைப் பார்க்கிறோம். பாட்டிலை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். சர்க்கரையை முதலில் நிறுத்துங்கள், அப்புறம் பாலில் தினமும் கொஞ்சம் தண்ணீர் கூட்டிக்கொண்டே வாருங்கள், இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீராகிவிடும். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. பல் முளைத்த குழந்தைக்குத் தூங்கும் முன் பல்லைத் தேய்த்துவிடுங்கள், அவ்வளவுதான். இருமலுக்குக் கொடுக்கிற சிரப்பும் இனிப்புதான். அதைக் கொடுத்தபின் ஒரு வாய் தண்ணீராவது கொடுங்கள்.

இனி ஃப்ளோரைடு. தருமபுரியில் நின்றுகொண்டு ஃப்ளோரைடு பேஸ்ட் போடுங்கள் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்து வந்த ஃப்ளோரைடு எத்தனை பிள்ளைகளின் பல்லைப் பழுப்பாக்கியிருக்கிறது, எத்தனை பெரியவர்களின் முதுகையும் முழங்காலையும் முடக்கியிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தண்ணீர் விட்டார்கள்.

இதே பழுப்புப் பல்லை அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1901இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் பார்த்தார். ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கறை. அதைத் துருவிக்கொண்டே போனபோது அவர் இன்னொன்றையும் கவனித்தார். கறைபடிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. காரணம் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு என்று தெரிய 1931 ஆகிவிட்டது, 30 வருஷம். அளவு கூடினால் கறை, மிகவும் கூடினால் எலும்புக்கே கேடு. சின்ன அளவில் பல்லின் மேல்பட்டால் காப்பு. ஒரே பொருள்தான்.

அளவைப் பாருங்கள். குடிதண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பேஸ்ட் டியூபில் 1000 பிபிஎம் என்று போட்டிருந்தால், ஒரு கிராம் பேஸ்டில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு ஓர் அரிசி அளவுதான் வைக்க வேண்டும். அது சுமார் பத்தில் ஒரு பங்கு கிராம். குழந்தை அதை முழுசாக விழுங்கிவிட்டாலும் உள்ளே போவது பத்தில் ஒரு பங்கு மில்லிகிராம்தான். மூன்றிலிருந்து ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பிதுக்குகிறார்களே, அது குழந்தைக்கு இல்லை. வீட்டில் இன்னும் ஆழ்துளைத் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள் என்றால் முதலில் தண்ணீரைச் சோதித்துக் குடிநீரை மாற்றுங்கள். பேஸ்டைப் பற்றி எங்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகிற முதல் சில வருஷங்களில் குடிக்கிற தண்ணீர்தான் கறையைத் தீர்மானிக்கிறது. ஏற்கெனவே கறை விழுந்த பிள்ளைகளைத் தயவுசெய்து, "நீ ஒழுங்கா தேய்க்கலை" என்று திட்டாதீர்கள். அது அழுக்கில்லை, தேய்த்தால் போகாது, அந்தப் பிள்ளையின் குற்றமும் இல்லை. வளர்ந்தபின் அதை மெருகேற்ற வழி இருக்கிறது.

தேய்ப்பது யார்? ஏழு, எட்டு வயது வரை நீங்கள்தான். தன் சட்டைப் பொத்தானையே ஒழுங்காகப் போடத் தெரியாத கை, கடைவாய்ப் பல்லைத் தேய்க்காது. குழந்தையின் தலையை மடியில் சாய்த்து, பின்னாலிருந்து தேய்த்தால் எல்லாப் பல்லும் தெரியும். காலையைவிட ராத்திரி முக்கியம். துப்பச் சொல்லுங்கள், ஆனால் சொம்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டாம், மருந்து பல்லிலேயே இருக்கட்டும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று பெரியவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. தாத்தா வேப்பங்குச்சியில் தேய்க்கட்டும். மூன்று வயதுக் குழந்தையின் கடைவாய்க்குக் குச்சி எட்டாது.

இவ்வளவு செய்தும் குழி விழுந்துவிட்டால்? உலகம் முழுக்க 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பல்லில் சொத்தை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. அதனால் வெட்கப்பட வேண்டாம், கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பால் பல் விழப்போவதுதானே என்றால், முன்பல் ஆறேழு வயதில் விழும், உண்மைதான். பின்னால் இருக்கிற பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். நான்கு வயதில் சொத்தையானால் இன்னும் ஏழெட்டு வருஷம் பிள்ளை எதை வைத்து மெல்லும்? அதைச் சீக்கிரமே பிடுங்கினால், பின்னால் இருக்கிற பல் முன்னால் நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் காத்திருக்கிற நிரந்தரப் பல் வர வழியில்லாமல் கோணலாக வரும். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்கிற நிலைமையில், இடத்தைப் பிடித்து வைக்க ஒரு கம்பி வளையம் போடுவோம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயப்படுகிற அளவுக்குச் சிகிச்சை கடுமையானது இல்லை. சொத்தையின் மேல் ஒரு சொட்டு மருந்தைத் தடவி அதை அப்படியே நிறுத்துகிற முறை ஜப்பானில் 1970களிலிருந்தே இருக்கிறது. வெள்ளியும் ஃப்ளோரைடும் கலந்த மருந்து. சொத்தை கெட்டியாகி நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். உட்காரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற இரண்டு வயதுக் குழந்தைக்கு இது பெரிய வரம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

கடைவாய்ப் பல்லில் இரண்டு பக்கமும் அரித்திருந்தால் ஃபில்லிங் நிற்காது, ஸ்டீல் கேப் போடுவோம். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், குழந்தைகளுக்கு ஊசியும் வேண்டாம் டிரில்லும் வேண்டாம் என்று, சொத்தையைச் சுரண்டாமலே மேலே கேப்பை அழுத்தி ஒட்டிவிட்டார். முதலில் கேட்டபோது பலருக்கும் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. கிருமியை உள்ளே வைத்தா மூடுவது? ஆனால் சர்க்கரை கிடைக்காத கிருமி உள்ளே பட்டினியில் அடங்கிப் போகிறது. அவர் வைத்திருந்த பதிவுகளை மற்றவர்கள் அலசிப் பார்த்தபோது அந்தப் பற்கள் நன்றாகவே தாக்குப்பிடித்திருந்தன. இன்றைக்கு அது அவர் பெயரிலேயே ஹால் முறை என்று உலகமெங்கும் நடக்கிறது. ஒரு நிபந்தனை, நரம்பு வரைக்கும் சொத்தை போயிருக்கக் கூடாது. ராத்திரி வலி, சீழ்க்கட்டி வந்துவிட்டால் இது முடியாது. நரம்பின் மேல்பகுதியை எடுப்பதோ, முழு ரூட் கெனாலோ, பிடுங்குவதோதான். அந்த நிலைமைக்கு முன்னால் வாருங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

இன்னொரு பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது என் மனசை மிகவும் உறுத்துகிற பல். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒன்று சத்தமில்லாமல் முளைக்கும். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வேர்வரை அழுகிப் போய்க் கூட்டி வந்த ஓர் அப்பா, "பால் பல்லுன்னு நினைச்சேம்மா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. ஆறு வயது முடிந்ததும் ஒருமுறை வந்து காட்டுங்கள். அதன் மேல் பள்ளங்களில் சீலன்ட் என்கிற மெல்லிய பூச்சை ஊற்றி அடைத்துவிடுவோம், அழுக்கு தங்காது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சேட்டை செய்தால் பல் டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவேன் என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை, ஒரு வலியும் இல்லாதபோது கூட்டி வாருங்கள். கண்ணாடியைக் கையில் கொடுத்து விளையாட விடுவோம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. மைதானத்தில் விழுந்து நிரந்தர முன்பல் முழுசாக வெளியே வந்துவிட்டால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் தண்ணீரில் ஒரு நொடி அலசுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் பல் இருந்த குழியிலேயே வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு டம்ளர் பாலில் போட்டு அரை மணிக்குள் கொண்டு வாருங்கள். பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது.

நான் டார்ச்சும் கையுறையும் கொண்டு வந்திருக்கிறேன். குழந்தையோடு வந்தவர்கள் முன்னால் வாருங்கள். நீங்களும் நானும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்காருவோம், குழந்தையின் தலை என் மடியில், கால் உங்கள் இடுப்பில். உதட்டை எப்படித் தூக்குவது என்று ஒவ்வொருவருக்கும் காட்டித் தருகிறேன். பாட்டி, முதலில் நீங்கள் வாருங்கள்.