கூடைக்குள் காய்க்கும் திராட்சை: சாண்டோரினி தீவின் அதிசயம்

இந்தப் படத்தைப் பாருங்கள். காய்ந்த சாம்பல் மண்ணில் யாரோ பழைய கூடைகளைப் போட்டுவிட்டுப் போனதுபோல் இருக்கிறதா? அத்தனையும் உயிருள்ள திராட்சைக் கொடிகள்!

இடம், கிரீஸ் நாட்டின் சாண்டோரினி தீவு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, சாம்பலும் நுரைக்கல்லும் தீவையே மூடின. வரலாறு இவ்வளவு போதும், கொடிக்கு வருவோம்.

இங்கே கோடையில் மழை கிடையாது. கடற்காற்றோ மண்ணை வாரி அடிக்கும். பந்தல் நிற்குமா? அதனால் குளிர்காலத்தில் கொடியைக் கவாத்து செய்யும்போது, தண்டுகளைத் தரையோடு தரையாக வளைத்துப் பின்னிவிடுகிறார்கள். தண்ணீர்க் குடத்துக்கு அடியில் துணியைச் சுருட்டித் தலையில் வைப்போமே, சும்மாடு, அச்சு அசல் அதேதான்! வருடத்துக்கு ஒரு சுற்று ஏறி, சும்மாடு கூடையாகிறது. பெயர் 'குலூரா'. குலைகள் உள்ளே பத்திரமாகத் தொங்கும், இலைகள் வெயிலை மறைக்கும். இரவில் கடலிலிருந்து வரும் பனி ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் அறுவடையின்போது ஒவ்வொரு குலைக்கும் குனிய வேண்டும். அந்த இடுப்புகளுக்கு ஒரு கும்பிடு.

இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை ஃபில்லாக்சரா என்ற வேர்ப்பூச்சி அழித்தது. களிமண் இல்லாத இந்த மண்ணில் அந்தப் பூச்சியால் பிழைக்க முடியவில்லை. அதனால் மற்ற இடங்களைப்போல் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டத் தேவையில்லை, கொடி சொந்த வேரிலேயே நிற்கிறது. கூடை கிழடானால் வெட்டிவிடுகிறார்கள், பழைய வேரிலிருந்தே புதுக் கொடி துளிர்க்கிறது. வாழையடி வாழை என்போமே, இங்கே கொடியடிக் கொடி.

சரி, இதையெல்லாம் யார் காப்பாற்றுகிறார்கள்? அர்கிரோஸ் குடும்பம் 1903இல் தொடங்கிய ஒயின் ஆலையை இப்போது நடத்துவது நான்காம் தலைமுறை. இவர்களுடைய உயிர்நாடி 'அசிர்டிகோ' என்ற வெள்ளைத் திராட்சை. கொளுத்தும் வெயிலிலும் புளிப்பை இழக்காது. அதை மற்ற உள்ளூர் ரகங்களோடு சேர்த்து வெயிலில் காயவைத்து, 'வின்சாண்டோ' என்ற இனிப்பு ஒயினும் செய்கிறார்கள். பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் ஊறும்.

இன்று அந்த நிலத்தை ஓட்டல்களும் விடுதிகளும் கேட்கின்றன. ஓட்டலை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், இந்த வேரை வேறெங்கும் நட்டு வளர்த்துவிட முடியாது. எனக்கு அந்தக் கவலை நிஜமாகவே இருக்கிறது.

உங்கள் ஊரில் சும்மாட்டுக்கு வேறு பெயர் உண்டா? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.