காசு வந்துவிட்டதே, அப்புறம் எப்படி மோசடி?

அடுத்த கேள்வி மலேசியாவின் பிறையிலிருந்து ஒரு சகோதரி கேட்டது. அவருடைய தங்கைக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், வெளியே வேலைக்குப் போக முடியாத நிலை. வாட்ஸ்அப்பில் ஒரு வேலை வந்ததாம். ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு டெலிகிராம் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இதுவரை 48 வெள்ளி கணக்கில் ஏறியிருக்கிறது. இப்போது 300 வெள்ளி கட்டினால் 390 ஆகத் திரும்பும் என்கிறார்கள். "ஏமாற்றுகிறவன் முதலில் ஏன் காசு கொடுக்கப் போகிறான்?" என்று தங்கை கேட்கிறாராம்.

சகோதரி, முதலில் அந்த 300 வெள்ளியைக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். அந்த 48 வெள்ளிதான் தூண்டில் புழு. சந்தேகம் போக வேண்டும் என்றுதான் அதைப் போடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 300 கட்டினால் 390 நிஜமாகவே திரும்பி வரலாம். அங்கேதான் பலர் விழுகிறார்கள். அடுத்த 'டாஸ்க்' ஆயிரம், அதற்கடுத்தது மூவாயிரம் என்று போகும். திரையில் மட்டும் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால், "நீங்கள் வரிசையைத் தவறாக அழுத்திவிட்டீர்கள், கணக்கு முடங்கிவிட்டது" என்பார்கள். குழுவில் இருக்கும் மற்றவர்கள், "உன்னால் எங்கள் பணமும் மாட்டிக்கொண்டது" என்று சண்டைக்கு வருவார்கள். குற்ற உணர்ச்சியிலேயே நகையை அடகு வைத்துக் கட்டிவிடுவோம். அப்படிக் கத்துகிறவர்களும், தினமும் 'பணம் வந்தது, நன்றி' என்று ரசீது போடுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களுடைய ஆட்கள்தான். சில சமயம் ஒரே ஆள் நாலு பெயரில் இருப்பான். அப்புறம் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டணம் கட்டு என்று இழுப்பார்கள். இதற்கு முடிவே கிடையாது.

வேலை என்றால் முதலாளி நமக்குக் காசு தர வேண்டும். டெபாசிட், பதிவுக் கட்டணம், சாமான் காசு என்று எந்தப் பெயரில் நம்மிடம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டில் உட்கார்ந்து பேனா பாக்கெட் போடும் வேலை என்று ஃபேஸ்புக்கில் வருகிறதே, அதிலும் முன்பணம் கேட்டால் இதே கதைதான்.

தங்கை நம்பவில்லை என்றால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பணம் அனுப்பச் சொன்ன கணக்கு எண்ணை பேங்க் ஆப்பில் போட்டால், உறுதி செய்வதற்கு முன்னால் பெறுபவர் பெயர் காட்டும். அதைப் படிக்கச் சொல்லுங்கள், அனுப்ப வேண்டாம். பெரிய ஹோட்டல் நிறுவனம் என்று சொன்னவர்கள், ஏதோ ஒரு தனி ஆளின் பெயருக்கோ சம்பந்தமே இல்லாத எண்டர்பிரைஸ் பெயருக்கோ ஏன் காசு போடச் சொல்கிறார்கள்? நேற்று ஒரு பெயர், இன்று வேறு பெயர் என்றால் யோசிக்கவே வேண்டாம். அந்த எண்ணின் மேல் புகார் இருக்கிறதா என்று போலீஸின் செமாக் மியூல் தளத்திலும் தேடிப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒன்றும் வரவில்லை என்பதால் நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை. இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நம்மிடம் காசே கேட்காத மோசடியும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அது இதைவிட மோசம். "உங்கள் கணக்கில் பணம் வரும், அதை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், கமிஷன் உண்டு" என்பார்கள். சிலர் ஏடிஎம் கார்டையே வாடகைக்குக் கேட்பார்கள். அக்காவுன் கெல்டாய், அதாவது மோசடிப் பணம் கைமாற இரவல் கொடுக்கும் கணக்கு என்று செய்தியில் வருவது இதுதான். இதற்கென்றே 2024-ல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். காசு இழந்தவர் புகார் கொடுக்கும்போது போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிப்பது லேசு இல்லை.

ஒருவேளை இதற்குள் பணம் அனுப்பியிருந்தால், உடனே மோசடிப் புகாருக்கான தேசிய அவசர எண் 997-க்குப் போன் போடுங்கள். பேங்க் ஹாட்லைனுக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு, அதனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்புறம் போலீஸ் ரிப்போர்ட். குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும், அவர்கள் உரையாடலை அழித்துவிடுவார்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டு என்று ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

வீட்டு வேலை நிஜமாகவே தேடினால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இலவசமாகப் பதியலாம். அங்கேயும் நிறுவனத்தின் பெயரை எஸ்எஸ்எம் என்னும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் சரிபாருங்கள், நேர்காணலில் முகம் காட்டிப் பேசச் சொல்லுங்கள். மாதச் சம்பளம் என்றால் இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ பிடிப்பார்களா என்று கேளுங்கள். அதற்கு முன்னால் ஐசி (அடையாள அட்டை) படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கேள்வியின் கடைசி வரியில், "அந்த 48 வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் தரும் எந்தக் கணக்குக்கும் திருப்பி அனுப்பாதீர்கள். அது இதே மாதிரி ஏமாந்த இன்னொருவர் போட்ட காசாகவும் இருக்கலாம். தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, எந்தத் தேதியில், யார் பெயரிலிருந்து வந்தது என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.