13 நிமிட ஆட்டம், 6 வருடப் பூட்டு

[திரை: வலென்சியா மைதானம், 77-வது நிமிடம்]

2014 செப்டம்பர் 8, யூரோ 2016 (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை) தகுதிச்சுற்று. மாசிடோனியாவை ஸ்பெயின் 5–1 என்று துவைத்தெடுத்த ஆட்டம். 77-வது நிமிடத்தில் கோகே வெளியே போக, 19 வயது முனிர் எல் ஹத்தாதி உள்ளே வருகிறார். ஸ்பெயின் சீனியர் அணிக்கு அவர் ஆடியது மொத்தமே அந்த 13 நிமிடம்தான்.

ஒரே ஆட்டத்தோடு காணாமல் போனவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. முனிரின் சிக்கல் வேறு. அவருடைய அப்பா மொராக்கோக்காரர். மொராக்கோ அணி அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தும், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி விடவில்லை.

[திரை: டியேகோ கோஸ்டா, பிரேசில் ஜெர்சியில்]

இந்த டியேகோ கோஸ்டாவைப் பாருங்கள். 2013 மார்ச்சில் இத்தாலி, ரஷ்யாவுக்கு எதிராகப் பிரேசிலுக்கு ஆடினார். அடுத்த வருடமே ஸ்பெயினுக்காக உலகக் கோப்பையில் இறங்கினார். இரண்டு ஆட்டம் ஆடியவர் மாறலாம், 13 நிமிடம் ஆடியவர் மாறக்கூடாதா? ஆமாம், அப்போது விதி அப்படித்தான். கோஸ்டா பிரேசிலுக்கு ஆடியவை நட்பு ஆட்டங்கள். அவை வீரரைக் கட்டிப்போடாது. இங்கிலாந்துக்கு இரண்டு நட்பு ஆட்டம் ஆடிய வில்ஃப்ரெட் ஸாஹா, பிறகு ஐவரி கோஸ்ட் போனதும் இதே வழியில்தான். தகுதிச்சுற்று அப்படியல்ல, அதிகாரப்பூர்வப் போட்டி. பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கணக்கில்லை. ஒரு நிமிடம் களத்தில் கால் வைத்தாலும் கணக்குதான்.

2018 மே மாதம் விளையாட்டு நடுவர் மன்றமும் முனிரின் முறையீட்டைத் தள்ளியது. அந்த உலகக் கோப்பையில் ஸ்பெயினும் மொராக்கோவும் ஒரே குரூப், 2–2 டிரா. முனிர் இரண்டு அணியிலும் இல்லை.

[திரை: 2020 செப்டம்பர்]

ஃபிஃபா விதியைத் தளர்த்தியது. ரொம்பத் தாமதம்தான். இப்போது பழைய நாட்டுக்கு ஆடிய சீனியர் ஆட்டங்கள், நட்பு ஆட்டமும் சேர்த்து, மூன்றைத் தாண்டக் கூடாது. கடைசியாக ஆடியபோது 21 வயது நிரம்பியிருக்கக் கூடாது. அதன்பின் மூன்று வருடம் கழிந்திருக்க வேண்டும். உலகக் கோப்பை, யூரோ போன்றவற்றின் இறுதித் தொடரில் ஒரு நிமிடம் ஆடியிருந்தாலும் கதவு அடைபட்டது. தகுதிச்சுற்றில் அவசர அவசரமாக ஒரு கேப் (நாட்டு அணியில் ஆடும் வாய்ப்பு) கொடுத்துப் பையனை மடக்கிப் போடும் பழைய தந்திரம், இனி அந்த ஓர் ஆட்டத்தோடு பலிக்காது.

பலர் கவனிக்காமல் விடுவது குடியுரிமைத் தேதியை. பழைய நாட்டுக்கு முதல் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆடிய அன்றே புதிய நாட்டின் குடியுரிமையும் கையில் இருந்திருக்க வேண்டும். பின்னால் வாங்கிய பாஸ்போர்ட் உதவாது.

முனிரின் முதல் முயற்சி புதிய விதியிலும் தோற்றது. 2021 ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது. மார்ச்சில் மௌரிடானியாவுக்கு எதிராக மொராக்கோ ஜெர்சி.

இன்னொன்று: விண்ணப்பம் கொடுத்துவிட்டால், முடிவு வரும்வரை எந்த நாட்டுக்கும் ஆட முடியாது. ஒருமுறை மாறி, புதிய நாட்டுக்கு ஆடியும் விட்டால், திரும்பவும் மாற முடியாது.