பிளாக்பேர்டை உலுக்கிய மெல்லிய காற்றுப் படலம்

[திரையில்: கருப்பு விமானம். இரண்டு பக்கமும் கூம்பு நீட்டிய இன்ஜின்கள்.]

இது எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட், அமெரிக்காவோட உளவு விமானம். 1964 டிசம்பர் 22-ல முதல் தடவையா பறந்துச்சு. இதோட வேகம் மாக் 3.2, அதாவது ஒலியை விட மூணு மடங்குக்கும் மேல. ஆனா உள்ள இருக்கிற ஜே58 இன்ஜினோட கம்ப்ரஸர், அதாவது காத்தை அழுத்தற பகுதி, அந்த வேகத்துல வர்ற காத்தைத் தாங்காது. அதோட வாசலுக்கு வர்றப்போ காத்து மாக் 0.4 அளவுக்குத் தணிஞ்சிருக்கணும்.

அந்த வேலையைச் செய்யறது ஷாக் வேவ், அதாவது அதிர்வலை. கூம்போட நுனியில சாய்வா ஒண்ணு. இன்டேக்கோட, அதாவது இன்ஜினுக்குக் காத்து நுழையற பாதையோட வாய்க்குள்ள, சுவர்ல பட்டுப் பட்டுத் திரும்பற சில. கடைசியா, குறுகலான கழுத்தை ஒட்டி நேரா நிக்கிற ஒண்ணு. ஒவ்வொண்ணையும் தாண்டறப்போ காத்தோட வேகம் குறையும், அழுத்தம் எகிறும்.

சிக்கல் சுவர்லதான் இருக்கு.

[அனிமேஷன்: இன்டேக்கின் குறுக்குவெட்டு. சுவரோரம் சிவப்பாக ஒரு மெல்லிய பட்டை.]

வெள்ளம் போற ஆத்தைப் பார்த்திருப்பீங்க. நடுவுல நல்ல இழுப்பு இருக்கும். கரையோரம் தண்ணி மந்தமா போகும். சில இடத்துல நுரையும் சருகும் எதிர்த்திசையிலயே நகரும். காத்தும் அப்படித்தான். சுவரை ஒட்டிப் போற காத்து உரசி உரசி வேகத்தை இழந்துடும். 1904-ல லுட்விக் பிராண்டல் விளக்கின பவுண்டரி லேயர், தமிழ்ல எல்லைப்படலம், இதுதான்.

இது மேல ஷாக் வேவ் வந்து விழுந்தா? நடுவுல பாயற காத்துக்கு அந்த அழுத்தத்தை எதிர்த்துப் போகத் தெம்பு இருக்கு. எல்லைப்படலத்துக்கு இல்ல. அது தயங்கி நின்னு, பின்னால திரும்பி, சுவரை விட்டுப் பிரிஞ்சு குமிழா உப்பிடும்.

இந்தத் துறையிலேயே என்னை ரொம்ப ஈர்த்த விஷயம் இதுதான். ஒலியை மிஞ்சின ஓட்டத்துல, பின்னால நடக்கறது முன்னால இருக்கிற காத்துக்குத் தெரியவே தெரியாது. ஆனா சுவரை ஒட்டின காத்து ஒலிவேகத்துக்குக் கீழதான் நகருது. அந்தச் சின்னச் சந்து வழியா அழுத்தம் முன்னால கசிஞ்சுடுது.

குமிழ் உப்பினா பாதை குறுகும். நேரா நிக்கிற ஷாக் வேவ் ஏற்கெனவே கத்திமுனையில நிக்குது. கொஞ்சம் நகர்ந்தாலும் இன்டேக் அதை வாய்க்கு வெளிய தள்ளிடும். பைலட்டுகள் இதை 'அன்ஸ்டார்ட்'னு சொல்வாங்க. அந்தப் பக்க இன்ஜினோட உந்துவிசை சட்டுனு விழும், விமானம் அந்தப் பக்கமா வெட்டித் திரும்பும். ஹெல்மெட் பக்கவாட்டுக் கண்ணாடியில மோதற அளவுக்கு உலுக்கும்.

1966 ஜனவரி 25. மாக் 3.18 வேகம், 78,800 அடி உயரம். வலப்பக்கம் திரும்பிட்டு இருந்தப்போ வலது இன்டேக் அன்ஸ்டார்ட் ஆச்சு. விமானம் வானத்துலயே சிதறிப்போச்சு. பைலட் பில் வீவர் பிழைச்சார். பின் இருக்கையில இருந்த ஜிம் ஸ்வேயர் பிழைக்கல. அன்ஸ்டார்ட்டுக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனா தப்புக்கு இடமே இல்லாம ஆக்கறதுல எல்லைப்படலத்துக்குப் பெரிய பங்கு இருக்கு.

[அனிமேஷன்: சிவப்புப் பட்டை திறப்புகளுக்குள் இறங்குகிறது.]

அப்போ என்ன செய்யறது? சோர்ந்துபோன அந்தக் காத்தை, ஷாக் வேவ் விழற இடத்துலயே உறிஞ்சி எடுத்துடணும். இதுக்குப் பேர் ப்ளீட். பிளாக்பேர்டோட கூம்புல, அகலமான பகுதியில திறப்புகள் இருக்கு. அங்க நுழையற காத்து, கூம்பைத் தாங்கற கால்களுக்குள்ள ஓடி வெளியேறும். எதிர்ப்பக்கச் சுவர்ல இருக்கிற இடுக்குக்குப் பேர் 'ஷாக் ட்ராப்'. அதுல சிக்கற காத்து வீணாகறதில்ல. இன்ஜினைச் சுத்தி ஓடி அதைக் குளிர்விச்சு, காத்து வெளியேறற பின்பக்க நாசிலுக்குப் போய்ச் சேருது.

ஷாக் வேவும் இடம் தவறக்கூடாது இல்லையா? அதுக்காக மாக் 1.6-ல இருந்து வேகம் ஏற ஏற, கூம்பு மொத்தமா 66 சென்டிமீட்டர் பின்வாங்கும்.

ப்ளீட் இலவசம் இல்ல. உறிஞ்சின காத்தை வெளிய விட்டா விமானத்தைப் பின்னுக்கு இழுக்கற காத்தோட இழுவை கூடும், குழாய்களோட எடையும் சேரும். அதனால, வேகமான காத்தைச் சுழற்றிச் சுவரோரம் இறக்கற சின்னத் தகடுகள், அதாவது வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்கள் பத்தியும் ஆராய்ச்சி நடக்குது. எஃப்-35 போர் விமானம் வேற வழி எடுத்துச்சு. வாசல்லயே ஒரு புடைப்பு வெச்சு, எல்லைப்படலத்தைப் பக்கவாட்டுல ஒதுக்கிடுது. 1996 டிசம்பர்ல ஒரு எஃப்-16 போர் விமானத்துல இதைப் பறக்கவிட்டுப் பார்த்தாங்க.

[திரையில்: அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம். கேமரா கூம்பை நெருங்குகிறது.]

அமெரிக்காவோட வர்ஜீனியாவுல உள்ள உட்வார்-ஹேஸி மையம்ங்கற விமான அருங்காட்சியகத்துல ஒரு எஸ்ஆர்-71 நிக்குது. அதோட படங்களைப் பார்க்கறப்போ கூம்போட நுனியில கண்ணை நிறுத்திடாதீங்க. கொஞ்சம் பின்னால, கூம்பு அகலமாகற இடத்துல, அந்தத் திறப்புகளைத் தேடிப் பாருங்க.